கரைவழி: சில குறிப்புகள்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் விடிவதற்கு முன்புதான் சைக்கிளுக்கு இடம் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் நடைக்குப் போகிறவர்கள், பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிறவர்கள், சாலைக் கம்போளத்துக்கு வாழைத்தார் கொண்டுவரும் வண்டிகள். அந்த நேரத்தில் தெருவில் அவ்வளவுதான். வெளிச்சம் வந்ததும் நகரப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் ஆட்டோக்கள் சேர்ந்துவிடும். நடப்பவர்கள் தெருவைக் கடக்கவே நடைமேம்பாலம் கட்டவேண்டி வந்தது. அதற்குப் பிறகு இங்கே சைக்கிளில் போகிறவர் வேறு வழியில்லாமல் போகிறவர். பெரும்பாலும் கம்போளத்துத் தொழிலாளி. ஊர் பார்ப்பதற்காக, உடம்பும் மனசும் தெளிவதற்காகச் சைக்கிள் எடுக்கிறவர் மிகக் குறைவு. வழி கிடைத்தால் நிறையப் பேர் எடுப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வழி எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதி வைத்தவை இந்தக் குறிப்புகள். பாதி பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களைப் பற்றியவை. மீதி, கோட்டைக்கு மேற்கே ஓடும் கால்வாயைப் பற்றியவை.

*

பிரான்சில் ‘வுவா வெர்த்’ என்று ஒரு வகைச் சாலை உண்டு. பசுமை வழி. நடப்பவர், சைக்கிள்காரர், சக்கர நாற்காலியில் வருகிறவர், குதிரையில் வருகிறவர் ஆகியோருக்கு மட்டும் உரியது. மோட்டார் வண்டி நுழையக் கூடாது. 2004இல் அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதைத் தனிவகைச் சாலையாகச் சேர்த்தார்கள். வழி தொடங்கும் இடத்தில் நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றின் உருவமும் உள்ள நீலப் பலகை நிற்கும். அகலம் பெரும்பாலும் 3 மீட்டர்தான். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம்.

இவற்றில் முன்னோடி பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே 1997இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அங்கே ஓடியது ரயில்.

*

ரயில் எப்படிப் போனது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1870களின் இறுதியில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஃப்ரேசினே, சின்ன ஊர்களுக்கும் ரயில் போகவேண்டும் என்று பெரிய திட்டம் வகுத்தார். திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே தண்டவாளம் போட்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் பேருந்தும் லாரியும் வந்தன. 1930களிலிருந்து கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் நிலம் பொதுச் சொத்தாகவே பல இடங்களில் நின்றது. பாலம், குகை, கரைமேடு எல்லாம் அப்படியே இருந்தன. மேலே தார் போட்டபோது சைக்கிளுக்கு ஆயத்தமான வழி கிடைத்தது.

நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் திணறும். அதனால் ரயில்பாதையை முடிந்தவரை சமமாகவே அமைத்தார்கள். நூறு அடிக்கு இரண்டு மூன்று அடிக்குமேல் ஏறுவது அரிது. அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே வேகத்தில் போகக்கூடிய சரிவு அது. மலைநாட்டில்கூட மூச்சு வாங்காமல் பயணம் போகமுடிவது இதனால்தான்.

*

ரயில்பாதையைவிடச் சமமானது கால்வாய்க் கரை. தண்ணீர் மட்டம் பார்த்துத்தான் நிற்கும். அதன் கரையும் அப்படியே.

தெற்குப் பிரான்சில் கனால் டு மிடி என்ற கால்வாய் தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி 240 கிலோமீட்டர் போகிறது. 1666இல் தொடங்கி 1681இல் திறந்தார்கள். எடுத்துச் செய்தவர் உப்புவரி வசூலிக்கும் பணியிலிருந்த பியர்-பால் ரிக்கே. தன் சொத்தையும் இதில் கொட்டிய அவர், திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு 1680இல் இறந்தார். கருமலையின் நீரை நோரூஸ் என்ற மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இருபக்கமும் இறங்கவிட்டதுதான் அவருடைய பெரிய யோசனை. பெசியே நகருக்கு அருகே, படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. 21 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை அங்கே படகு கடக்கிறது. 1996இல் யுனெஸ்கோ இந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அன்று படகை இழுத்தது குதிரை. குதிரை நடக்கக் கரையில் தடம் வேண்டும். அந்தத் தடம் கால்வாயின் ஒரு பகுதியாகவே வெட்டப்பட்டது, கால்வாயோடு சேர்ந்து நெடுங்காலம் ரிக்கே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, பிறகு அரசுக்கு வந்தது. இன்று சைக்கிள் ஓடுவது குதிரை நடந்த அதே தடத்தில்.

*

இனி நம்முடைய கால்வாய்.

கிழக்கேகோட்டையிலிருந்து கோயிலைச் சுற்றி, மேற்குக் கோட்டை வாசல் தாண்டி, ஈஞ்சக்கல் வழியாகப் போனால் சுமார் 3 கிலோமீட்டரில் வள்ளக்கடவு. அங்கே ஓடுவது பார்வதி புத்தனாறு. சுவாதித் திருநாள் சிறுவராக இருந்தபோது திருவிதாங்கூரை ஆண்ட கௌரி பார்வதி பாயியின் காலத்தில், 1820களில் வெட்டியது. அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. கடலுக்கு ஏறக்குறைய இணையாக வடக்கே போய் வேளிக்காயலைத் தொடுகிறது. அங்கிருந்து கடினங்குளம் காயல், அஞ்சுதெங்கு காயல், வர்க்கலை, இடவா-நடயறைக் காயல், பரவூர்க் காயல், கொல்லம் தோடு, அஷ்டமுடிக் காயல் என்று வழி நீள்கிறது. காயல்கள் இயற்கையாக அமைந்தவை. இடையில் இருந்த நிலத்தை மட்டும் மனிதர் வெட்டி, ஒன்றோடொன்று கோத்தார்கள்.

அரிசியும் கொப்பரையும் உப்பும் மிளகும் விறகும் இந்த வழியில்தான் தலைநகருக்கு வந்தன. மனிதரும் இப்படித்தான் போய்வந்தார்கள். மகாகவி குமாரன் ஆசான் பிறந்த காயிக்கரை, அஞ்சுதெங்குக்குப் பக்கத்தில், இந்த நீர்வழியின் ஓரத்து ஊர். அவர் இறந்ததும் நீர்வழியில்தான்: 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிப் போன ரெடீமர் என்ற படகு பல்லனையில் கவிழ்ந்தது.

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904இல் ரயில் வந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்தில் சாக்கைவரை நீண்டது. 1931இல் தம்பானூருக்கு வந்தது. பின்னால் சாலைகள் பெருகின. வள்ளங்கள் குறைந்து, கடைசியில் நின்றன.

*

வர்க்கலையில் செம்மண்பாறைக் குன்று கடல்வரை வந்து நிற்கிறது. கொல்லம் பக்கத்துக் காயலுக்கும் திருவனந்தபுரம் பக்கத்துக் காயலுக்கும் நடுவே அது தடை. சரக்கைக் குன்றின்மேல் சுமந்து மறுபக்கம் இறக்கவேண்டி இருந்தது. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், 1860களின் இறுதியில், குன்றைக் குடைய ஆரம்பித்தார்கள். இரண்டு குகைகள்: ஒன்று 924 அடி, மற்றது 2,364 அடி. வேலை 1880இல் முடிந்தது. ஊரார் ‘துரப்பு’ என்கிறார்கள். நாராயண குரு சமாதியான சிவகிரிக்கு அருகே இதில் ஒன்று போகிறது. சிவகிரிக்கு வந்து போகும் ஆயிரக்கணக்கானவர்களில் பலருக்கு, பக்கத்திலேயே இப்படியொரு குகை இருப்பது தெரியாது.

கனால் டு மிடியிலும் ஒரு குகை உண்டு. மல்பா என்ற குன்றில், 1679 வாக்கில் குடைந்தது, சுமார் 165 மீட்டர். ஐரோப்பாவில் படகுக்காகக் குடைந்த முதல் குகை என்ற பெருமை அதற்கு. வர்க்கலையின் பெரிய துரப்பு அதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். மல்பாவைப் பார்க்க உலகம் போகிறது. வர்க்கலைக்கு அந்தத் தகுதி எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

பர்கண்டியில் குளுனிக்கு அருகே சுமார் 1,600 மீட்டர் நீள ரயில் குகை ஒன்றைச் சைக்கிளுக்காகத் திறந்து, உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். சைக்கிள்காரர் அப்போது குன்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஒரு வழியை மனிதரும் மற்ற உயிர்களும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

*

நம் கால்வாய்க்கு ஏன் கரைத்தடம் இல்லை? கேரளத்து வள்ளத்தைக் குதிரை இழுக்கவில்லை. வள்ளக்காரர் கழுக்கோலை அடிமண்ணில் ஊன்றி, உடல்பலத்தால் தள்ளினார். காயலில் காற்று வாய்த்தால் பாய் கட்டினார். கரையில் நடக்கவேண்டிய அவசியம் அதிகம் இல்லை, ஆகவே கரைநெடுகத் தடமும் அமையவில்லை. படகு நின்றபிறகு, இடமில்லாத ஏழைகள் கரையில் குடிசை போட்டார்கள். குடிசைகள் தலைமுறைகளைக் கண்டு வீடுகளாயின. கயிறு திரிப்பவர், மீன் விற்பவர், கட்டிட வேலைக்குப் போகிறவர் அங்கே இருக்கிறார்கள்.

இதைச் சொல்லாமல் கரைவழியைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. உல்லாசச் சைக்கிளுக்காக ஒரு குடும்பம்கூட வீடிழக்கக் கூடாது. பிரான்சிலும் வழி முழுக்கத் தனித்தடம் கிடையாது. கரை அகப்படாத இடத்தில் வண்டி அதிகம் ஓடாத கிராமத்துச் சந்தில் திருப்பிவிட்டு, அடையாளப் பலகை வைத்து, மறுபடி கரைக்குக் கொண்டுவருவார்கள். வேளிக்கும் கடினங்குளத்துக்கும் இடையே அப்படிப்பட்ட சந்துகளுக்குப் பஞ்சமில்லை.

*

கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத நீர், குப்பைத்தொட்டி ஆகிறது. ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை திருவனந்தபுரம் நகரத்துக்கு நடுவே, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் புகுந்து, ஆக்குளம் காயலில் சேர்கிறது. 2024 ஜூலையில் அதில் அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நாள்கணக்கில் தேடினார்கள். நகரமே கலங்கியது.

பிளாஸ்டிக் மூட்டையை இரவில் தோட்டில் எறிகிறவர், யாரும் பார்க்காத இடமாகத்தான் தேர்ந்தெடுக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் கரையில், மாலையில் முதியோர் நடக்கும் கரையில், எறிகிற கை தயங்கும். கரைவழி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான். சுற்றுலாப் பயணி வருவதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

*

தெற்கே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1956 நவம்பர் 1வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் சேர்க்க 1860இல் தொடங்கிய கால்வாய்தான் ஏ.வி.எம். கால்வாய்: அனந்த விக்டோரியா மார்த்தாண்டன். பத்மநாபர், இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் மன்னர் மூவரையும் ஒரே பெயரில் கோத்திருக்கிறார்கள். கன்னியாகுமரியை அது எட்டவே இல்லை. பூவாறுக்குத் தெற்கே கடலோர ஊர்களில் துண்டு துண்டாக இன்றும் கிடக்கிறது. சில இடங்களில் நீர் உண்டு, பல இடங்களில் மண்மூடி ஆக்கிரமிப்பு.

பாசனக் கால்வாய்களின் நிலை இதைவிட நல்லது. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அதிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரையில் அதிகாரிகள் பார்வையிடப் போகும் தடம் உண்டு. மதகு திறக்கும் லஸ்கர் சைக்கிளில் போய்வந்த தடம் அது. தாமிரபரணிக் கால்வாய்களிலும், தஞ்சையில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயிலும் இதே ஏற்பாடு. தமிழ்நாட்டில் புதிதாக நிலம் தேடவேண்டிய அவசியமே பல இடங்களில் இல்லை. இருக்கிற தடத்தை உழவர் வேலைக்கும் நீர்வளத் துறைக்கும் இடைஞ்சல் இல்லாமல் சைக்கிளுக்கும் திறந்துவிட்டால் போதும்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஒரு தொட்டியில் போகிறது, பக்கத்திலேயே மனிதர் நடக்க வழி. பிரான்சில் ஆஜன் நகரில் கரோன் நதிக்குமேலே கால்வாயே பாலமாகப் போகிறது. 23 கல் வளைவுகள், அரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம். படகு நடுவில் போக, சைக்கிள் ஓரத்தில் போகிறது. ஆஜனுக்குப் போகிற தமிழர் மாத்தூரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

பிரான்சுக்கே போய்ச் சைக்கிள் ஓட்ட எண்ணுகிறவர்களுக்கு:

முதல்முறை போகிறவர் தூலூஸுக்கு மேற்கே கரோன் கால்வாய்க் கரையை எடுக்கலாம். 1856இல் முடிந்த கால்வாய், 193 கிலோமீட்டர். பெரும்பகுதி நல்ல தார்வழி. அதையும் தாண்டிப் போர்டோ நகரை நோக்கிப் போனால் பழைய ரயில்பாதை ஒன்று சைக்கிள் வழியாகியிருக்கிறது. 1937இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ரோஜே லாபெபியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

தூலூஸுக்குக் கிழக்கே முதல் 50 கிலோமீட்டர் சுகம். பிறகு மரவேர்கள் எழும்பிய மண்தடம். மெல்லிய டயர் ஆகாது.

லுவார் நதியோரம் சுமார் 900 கிலோமீட்டர் வழி உண்டு. அதில் எல்லாமே தனித்தடம் இல்லை. அமைதியான கிராமச் சாலைகளும் கலந்தவை. காற்று பெரும்பாலும் கடலிலிருந்து, மேற்கிலிருந்து அடிக்கும். நதியோடு கடலை நோக்கிப் போனால் எதிர்க்காற்று. கடலிலிருந்து உள்ளே வந்தால் காற்றே தள்ளிவிடும். ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் என்ற வடகாற்று. அங்கே தெற்கு நோக்கிப் போவது நல்லது.

மேற்குப் பிரான்சின் பிரெட்டனிப் பகுதியில் நான்ட்-பிரெஸ்ட் கால்வாய் 360 கிலோமீட்டருக்கும் அதிகம். மதகுத் தொட்டிகள் மட்டும் இருநூறுக்கு மேல். மதகுக் காவலர் வீடுகள் சிலவற்றில் காப்பி கிடைக்கும்.

நண்பகல் முதல் இரண்டு மணிவரை கிராமத்துக் கடைகள் அடைப்பு. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் ரொட்டிக்கடைகூடத் திறக்காது. முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத நீர் என்று பலகை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

தங்கும் விடுதிகளுக்கு ‘ஆக்கேய் வெலோ’ என்ற அடையாளம் உண்டு. வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும், சைக்கிளைப் பூட்டிவைக்கப் பத்திரமான இடமும் ரிப்பேர் சாமானும் தரவேண்டும் என்பது நிபந்தனை. வர்க்கலையிலும் அஞ்சுதெங்கிலும் வீட்டோடு விடுதி நடத்துகிறவர்கள் நாளைக்கே இதைச் செய்யலாம். அரசாங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

*

நிழல். கனால் டு மிடியின் இருகரையிலும் பிளேன் மரங்கள் சுமார் 42,000 இருந்தன. 2006இல் பூஞ்சை நோய் தெரியவந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகையோடு அது ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதுகிறார்கள். நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர மருந்தில்லை. பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. இப்போது ஒரே வகை நடாமல் பல வகையாக நடுகிறார்கள். நம் கரையில் நடும்போது இந்தப் பாடம் முதலிலேயே நினைவில் இருக்கவேண்டும்: புன்னை, பூவரசு, நாவல், மா, பலா என்று கலந்து நடவேண்டும். நம் வெயிலில் நிழலில்லாத சைக்கிள் வழி காலை எட்டு மணிக்குமேல் பயன்படாது.

*

சைக்கிள் பயணத்தை ஒரு வாழ்க்கை முறையாகவே பிரசாரம் செய்தவர் சேன்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதி, 1887இல் பத்திரிகையும் தொடங்கினார். பந்தயத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. சாதாரண மனிதர் மலை ஏறவேண்டும், அதற்குப் பல கியர் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுப்புச் சட்டமானது. ஆலைத் தொழிலாளர்கள் கணவன் மனைவியாக இருவர் மிதிக்கும் சைக்கிளில் முதன்முதலாகக் கடல் பார்க்கப் போனார்கள். சைக்கிள் சுற்றுலா பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

வாகனம் ஓடாத சாலை இந்த ஊருக்கு அந்நியமானது என்று சொல்லமுடியாது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் மேற்கு நடையிலிருந்து புறப்பட்டு வள்ளக்கடவு வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வழியில் குறுக்கே விமான நிலையம். 1932இல் விமான நிலையம் வந்தது. ஊர்வல வழி அதற்கும் முந்தியது. அதனால் அந்த நாளில் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி, ஓடுதளத்தையே திறந்துவிடுகிறார்கள். சர்வதேச விமான நிலையம், நடந்து வருகிறவர்களுக்கு வழிவிடுகிறது. ஆற்றுகால் பொங்காலை அன்று கிழக்கேகோட்டைச் சாலைகள் முழுக்க அடுப்புகள். லட்சக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து பொங்கல் வைப்பார்கள். ஒரு வண்டியும் ஓடாது. நகரம் ஒன்றும் நின்றுபோய்விடுவதில்லை.

*

இப்போது கேரள அரசு கோவளத்திலிருந்து பேக்கல்வரை 616 கிலோமீட்டர் நீர்வழியைச் சீரமைக்கிறது. அரசும் கொச்சி விமான நிலைய நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பெனி வேலையைப் பார்க்கிறது. பார்வதி புத்தனாற்றில் ஆகாயத்தாமரையும் சேறும் வாரியாயிற்று. கரையில் இருந்தவர்களுக்கு மறுவாழ்வு பற்றிய பேச்சும் நடக்கிறது. கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் சைக்கிள் பாதையும் உண்டு. ஆனால் லாரி ஓடும் சாலையின் ஓரத்துக் கோடு வேறு, கால்வாய்க் கரை வேறு. குழந்தையை நம்பி அனுப்பக்கூடியது இரண்டாவதுதான்.

கால்வாயை ஆழப்படுத்திக் கரையைக் கட்டும்போதே 3 மீட்டர் தடத்தையும் சேர்த்துக் கட்டுவது எளிது. பின்னால் தனியாகச் செய்யப் போனால் நிலமும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம்வரை ரயில்பாதையில் 65 கிலோமீட்டர். அந்த அளவில் இத்தனை காயல்களையும் ஒரு மலைக்குன்றையும் ஒரு மகாகவி பிறந்த ஊரையும் தொட்டுப்போகும் சமவழி உலகத்தில் பல இடங்களில் இல்லை.

கோட்டையிலும் சாலையிலும் வள்ளக்கடவிலும் வேளியிலும் இருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வார்டு சபைக் கூட்டம் வரும்போது போங்கள். கால்வாய் வேலையின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கரைவழி இருக்கிறதா, கரைக்குடிகளுக்கு வீடு இருக்கிறதா, மரம் நட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள். சேறு வாரும் இயந்திரம் கால்வாயில் நிற்கும்போதே கேட்டால்தான் பலன் உண்டு.